கழற்றத் தெரிந்த கரை

மணப்பாட்டில் மணல்தான் துறைமுகம். கருமேனியாறு கடலில் விழுகிற வாயை அது ஒரு வருசம் அடைக்கும், ஒரு வருசம் திறந்துவிடும். சிலுவைக் கோயில் நிற்கிற குன்றின் ஒரு பக்கம் அலை அடங்கி வரும், மறுபக்கம் எகிறி விழும். இந்த இடத்தில் தொழில் செய்கிறவனுக்குப் படகை மிதக்கவிடத் தெரிந்தால் மட்டும் போதாது. கரையேற்றணும், காயப்போடணும், புரட்டணும், மறுநாள் விடியுமுன் இறக்கணும். மிதப்பது பாதி, தூக்குவது பாதி.

நான் ஃபைபர் வேலை செய்கிறவன். தாத்தா ஓடாவி, தூத்துக்குடித் தோணிப் பட்டறைகளில் பலகை இழைத்தவர். அப்பா கடலுக்குப் போனார். என் கொட்டகைக்குப் படகு வருகிற அளவுக்கு இப்போது வண்டியும் வருகிறது. குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் மீன் பெட்டியைக் கழற்றித் தரச் சொல்லி சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பெட்டிக்கும் தாத்தாவின் தோணிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உறவு இருக்கிறது. செய்வதில் இல்லை, கழற்றுவதில்.

ஊர்க் கதையே ஒரு பாரத்தைத் தூக்கியதில்தான் ஆரம்பிக்கிறது. புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. அந்தக் கப்பலின் தலைவன் கரை சேர்ந்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டான். 1540-ல் மணப்பாட்டில் ஒதுங்கி, சொன்னபடி குன்றின்மேல் நட்டான் என்பது ஊர் வழக்கு. திருச்சிலுவைக் கோயில் 1581-ல் எழுந்தது. செப்டம்பர் திருவிழாவில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு யோசனை ஓடும். அந்தக் கனத்த கட்டையைக் கால் புதைகிற மணலில் மேலே ஏற்றிய ஆட்கள் யார்? எத்தனை தோள்? கதையில் அவர்கள் இல்லை.

புனித சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார். 1544-ல் குமரி முனைப் பக்கம் வடுகர் படையெடுத்து, மக்கள் பாறைகளில் தஞ்சம் புகுந்திருந்தபோது, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டதாக அவர் கடிதம் சொல்கிறது. எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் நகரவில்லை, கயிறு கட்டி இழுத்தும் நகரவில்லை. ஆனி மாதத்துக் கச்சான் காற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பலத்தால் ஆகாத வேலைகள் உண்டு என்பதை இந்தக் கரை புனிதருக்கே காட்டியிருக்கிறது.

பலத்துக்குப் பதில் புத்தியால் தூக்கிய கதையைக் கட்டுமரத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நம் கரையின் கட்டுமரங்களைக் கவனித்து எழுதிய வெள்ளைக்காரர்களில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. அவருக்கு வடிவம் முக்கியம். எனக்கு முக்கியமாகப் படுவது அது அவிழும் விதம். கடலில் கிடந்து தண்ணீர் குடித்த மரம் காலையில் இறக்கியதைவிட அதிகம் கனக்கும். முழுசாகத் தூக்கினால் ஆள் முறிவான். அதனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாக இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்க் காயப்போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டு. பாரத்தை ஒரே தூக்கில் தூக்கத் தேவையில்லாதபடி ஒரு படகையே அமைத்திருக்கிறார்கள். அதைவிடச் சாமர்த்தியமான யோசனை எதையும் என் தொழிலில் நான் பார்க்கவில்லை.

வள்ளம் அப்படி அவிழாது. பலகையால் ஆனது, ஒரே உடம்பு. அணியத்தில் சிலர், பின்தலையில் சிலர், பக்கத்துக்குச் சிலர், நடுவில் அம்பா பாடுகிற ஒருவர். வெளியூர்க்காரர்கள் அதைப் பாட்டு என்று ரசிப்பார்கள். பாட்டு இல்லாவிட்டால் இடுப்பு பிடிக்கும். எல்லோருடைய மூச்சும் ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதற்குத்தான் அது. ஆனால் பாட்டுக்கும் நகராத வேளைகள் வரும். வள்ளம் மணலில் புதைந்து அடி ஒட்டிக்கொண்டால் இருபது பேர் தள்ளினாலும் அசையாது. அப்போது வயசாளி ஒருவர் வந்து தள்ளுகிறவர்களை நிறுத்துவார். அடிமணலைக் கையால் தோண்டச் சொல்வார். ஒரு பக்கம் பள்ளமானதும் வள்ளம் தானாகவே சாயும், ஒட்டு விடும், உருளைக்கட்டை உள்ளே நுழையும். தாத்தா பட்டறையில் சொன்னதும் இதேதான்: “பாரத்தைத் தொடாதல. அடியில என்ன கெடக்குன்னு பாரு.” தோணியைத் தண்ணீரில் இறக்குகிற நாளில் அவருடைய வேலை முழுக்க முட்டும் ஆப்பும்தான். எந்த ஆப்பை முதலில் தட்டுவது, எதைக் கடைசிவரை விடுவது. வரிசை தப்பினால் தோணி மனிதர்மேல் வரும்.

முத்துக்குளிப்பிலும் இந்தப் புத்தி இருந்தது. குளியாளி கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். அடியில் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவான், அதை மேலே இருப்பவன் தனிக் கயிற்றில் இழுத்துக்கொள்வான். சிப்பிக் கூடை ஒரு கயிறு, கல் ஒரு கயிறு. 1961-ல் தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. நான் அதைப் பார்த்தவனில்லை, பார்த்தவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன்.

இனி ஃபைபர். கண்ணாடியை நூலாக இழுக்கும் முறை 1930-களில் அமெரிக்காவில் தொழிற்சாலை அளவுக்கு வந்தது. பாலியெஸ்டர் ரெசினும் அந்தப் பத்தாண்டில்தான். இரண்டையும் சேர்த்து ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் 1942-ல் ஒரு சிறு பாய்ப்படகு செய்தார். 1953-ல் செவர்லே கார்வெட் கார் முழு ஃபைபர் உடம்போடு வந்தது. பெங்களூரில் சிபானி கம்பெனி ஃபைபர் உடம்பு வைத்து டால்ஃபின் என்றொரு கார் விற்றது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்கர்கள் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு ஃபைபரில் கூடு செய்து மூடி, அதற்குள் படுத்து ஊர் சுற்றினார்கள். அதாவது படகும் வண்டிக்கூடும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். படகைக் கவிழ்த்தால் கூடு.

நம் கரைக்கு அது வந்த பாதை நேரானதில்லை. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்கக்கடல் திட்டம் தொடங்கியது. அலை உடையும் கரையில் நேரடியாக இறங்கக்கூடிய படகு வேண்டும் என்று பல வடிவங்களைச் செய்து பார்த்தார்கள். அவற்றில் ஃபைபரும் உண்டு. தெற்கே முட்டத்தில் பெல்ஜியத்து சேசு சபைக் குருவும் படகு வடிவமைப்பாளருமான பியர் கில்லே வேறு வழியில் போனார். ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் ரெசினும் கண்ணாடித் துணியும் ஒட்டுகிற முறை அவருடையது. புதுப்படகைக் கரைக்காரர்கள் ஏற்கச் செய்வது எவ்வளவு பாடு என்பதை 1985-ல் புத்தகமாகவே எழுதினார். கட்டுமரத்துக்கு வேண்டிய மெல்லிய மரம் மலையாளத்து மலைகளிலிருந்து வருவது குறைந்து விலை ஏற ஏற, மற்றவர்களும் புதுப்படகுகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் ஒன்றிரண்டு ஃபைபர் தெரிந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. தூத்துக்குடி மாவட்டம் இலங்கையின் மறைவில் இருந்ததால் நாகப்பட்டினம், கன்னியாகுமரி அளவுக்கு அடிபடவில்லை. ஆனால் அதன்பின் கரை முழுக்க அடித்த நிவாரண ஃபைபர் அலையில் யாரும் தப்பவில்லை. தென்னந்தோப்பு, கல்யாண மண்டபத்தின் பின்புறம், கோழிப்பண்ணை ஷெட் என்று கண்ட இடமெல்லாம் படகுப் பட்டறை. கண்ணாடியிழை ‘மேட்’டைக் குறைத்து ரெசினை ஊற்றிய படகுகள் அந்த நாளில் எத்தனையோ வெளியேறின. முதல் கச்சானிலேயே இன்ஜின் மாட்டுகிற பலகை விரிசல் விட்டது. உணவு வேளாண் அமைப்பு 2009-ல் ஃபைபர் படகு கட்ட ஒரு பயிற்சிக் கையேடு போட்டது. நல்ல கையேடுதான். நான்கு வருசம் முந்தி வந்திருக்கலாம்.

நான் வேலை கற்றது அந்த நாட்களில்தான். மோல்டில் மெழுகு தேய்த்து, அதன்மேல் தண்ணீரில் கரைகிற பூச்சு ஒன்றைப் பூசி, ஜெல்கோட் அடித்து, பிறகு மேட்டும் ரெசினும் மாறி மாறி. ரெசின் நாற்றம் சட்டையில் ஏறினால் வீட்டில் சோறு போடமாட்டார்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒரே டப்பாவில் நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பதை மேஸ்திரி முதல் நாளே காதைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது கடைசி வேலை, மோல்டிலிருந்து படகை எடுப்பது. புதுப்பையன்கள் கடப்பாறையைக் கொண்டுவருவார்கள். கடப்பாறை போட்டால் படகும் போச்சு, மோல்டும் போச்சு. மேஸ்திரி விளிம்பில் மரஆப்பைச் சுற்றிலும் லேசாகச் செருகிவிட்டு, அந்த இடைவெளியில் குழாய்த் தண்ணீரை விடுவார். ரப்பர் சுத்தியலால் வெளியே தட்டிக்கொண்டே போவார். பூச்சு தண்ணீரில் கரையும். உள்ளே ஒரு முனகல் கேட்கும். படகு மிதந்துகொண்டே மோல்டைவிட்டு எழும். அன்று எனக்கு வள்ளத்தின் அடியில் மணலைத் தோண்டிய வயசாளிகள் ஞாபகம் வந்தார்கள். இதுவும் அதே வேலை. மணலுக்குப் பதில் தண்ணீர்.

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. குட்டியானை என்று பெயர் வைத்தது யாரோ, ஊருக்கு ஊர் அதே பெயர். அதற்கு முன் எங்கள் மீன், பெண்களின் தலையில் ஓலைப்பெட்டியிலும், சைக்கிள் கேரியரிலும், பிறகு டி.வி.எஸ். 50-லும் உள்நாட்டுக்குப் போனது. குட்டியானை வந்தபின் அதன் தொட்டியில் ஐஸ் நிற்க வேண்டும் என்று ஃபைபர் பெட்டி ஏற்றினார்கள். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பஃப் நுரை. நல்ல பெட்டி ஐஸைக் காக்கும், வண்டியைக் காக்காது. ஐஸ் உருகி மீன்ரத்தத்தோடு சேர்ந்த உப்புத்தண்ணீர் பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே தங்கி, அடித்தகட்டைத் தின்னும். மேலே பெட்டி பளபளவென்று இருக்கும், கீழே தகடு சல்லடை. எஃப்.சி. எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும். வெல்டிங் வைக்கணும், பெயின்ட் அடிக்கணும், அதற்குப் பெட்டியைக் கழற்றணும்.

கழற்றுவதில் பாதி, முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைப்பேன். அவசரக்காரர்கள் கேஸ் வெல்டிங் வைத்து அறுத்துவிடலாம் என்பார்கள். பஃப் நுரையில் தீப்பொறி விழுந்தால் அணைப்பது கஷ்டம், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். கிரைண்டர் பொறியும் அப்படித்தான். கழலாத போல்ட்டை ஹேக்சா பிளேடால் கையாலேயே அறுப்பேன், நேரமானால் ஆகட்டும். விளக்கு ஒயர்களைப் பிடுங்காமல் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நிற டேப் சுற்றி வைப்பது டிரைவர் தம்பியின் பொறுப்பு. மறுபடி மாட்டுகிறவன் அவன்தான். சிலிக்கான் பசைக்குக் கத்தி ஆகாது, ஜெல்கோட்டைக் கீறும். தங்கூசி நரம்பை இடுக்கில் நுழைத்து இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ரம்பம் போல இழுத்துக்கொண்டே சுற்றிவந்தால் சத்தமில்லாமல் அறும். கடற்கரையில் தங்கூசிக்குப் பஞ்சமா?

தூக்குவது காலை எட்டு மணிக்கு முன். கச்சான் எழும்பிவிட்டால் எடுக்கவே மாட்டேன், வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும். ஃபைபர் கூடு அதன் அளவுக்குக் கனமில்லாதது. அடி எழும்பியதும் காற்று கீழே புகுந்து அதைப் பாயாக்கிவிடும். வண்டியின் முகப்பைக் காற்றுக்கு எதிரே நிறுத்தணும், பெட்டியின் கதவுப் பக்கம் காற்றுக்கு முதுகு காட்டணும். கனத்த கதவைக் கழற்றி வைத்துவிட்டு, திறந்த வாயில் ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே முட்டுக் கொடுப்பேன். இல்லாவிட்டால் தூக்கும்போது வாய் விரிந்து மூலையில் வெடிப்பு விழும். விளிம்பையோ மழைநீர் வடியும் மடிப்பையோ பிடித்துத் தூக்கக்கூடாது, அவை பாரம் தாங்கச் செய்ததல்ல. இரண்டு பனஞ்சட்டத்தை அடியில் குறுக்காகக் கொடுத்து, அகலமான பெல்ட் போட்டு, உத்தரத்தில் செயின் புளக்கில் மாட்டுவேன். நான்கு மூலைக்கும் நான்கு பேர். அவர்கள் தூக்குவதற்கு இல்லை, ஆடாமல் பிடிப்பதற்கு. பேசுவது ஒரே வாய். அது யார் வாய் என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தவேண்டும். சுற்றிவந்து பார்த்தால் எங்காவது ஒரு போல்ட் மறந்திருக்கும், ஒரு ஒயர் இழுத்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறேன் என்று யாரும் இடுக்கில் விரலை விடக்கூடாது, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

இதற்குப் பிறகுதான் எல்லோரும் தப்பு செய்கிற இடம். பெட்டி தொங்குகிறது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இழுக்க ஆரம்பிப்பார்கள். ஆடும், மோதும், கால்மேல் விழும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வண்டியை முன்னால் நகர்த்து. டிரைவர் நியூட்ரலில் போட்டு, நாலு பேர் மெள்ளத் தள்ள, குட்டியானை பெட்டியின் கீழிருந்து நழுவிப் போய்விடும். பிறகு காலி இடத்தில் பழைய டயர்களை அடுக்கி, நான்கு மூலையும் ஒரேசமயம் படும்படி இறக்கு. முதல்முறை பார்க்கிற வண்டிக்காரர்கள் “இவ்வளவுதானா அண்ணாச்சி” என்பார்கள். இவ்வளவுதான். தாத்தா ஆப்பு தட்டியதும் இவ்வளவுதான்.

2016-க்குப் பிறகு இசுசு டி-மேக்ஸ் போன்ற நீள பிக்கப்புகளும் இங்கே வருகின்றன. அலைச்சறுக்குப் பலகையோடு வருகிற வெளியூர்ப் பிள்ளைகள் சிலருடைய வண்டியில் அமெரிக்கப் பாணிக் கூடு பார்த்தேன், கண்ணாடிக் கதவோடு. இது ஒற்றைத் தோல். 70 முதல் 100 கிலோ வரை இருக்கும். போல்ட்டுக்குப் பதில் கிளாம்ப். தனியாளாகத் தள்ளி இறக்கிவிடலாம் போலத் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தவர்களின் கூட்டில் மூலை உடைந்திருக்கும். கண்ணாடிக் கதவைப் பூட்டியே வைக்கணும், திறந்து ஆடினால் கண்ணாடியும் போகும், எடையும் திடீரென்று பின்னால் சாயும். மற்றபடி அதே முறை. கழற்றிய கூட்டைத் தென்னை நிழலில் வைத்துக் கயிற்றால் கட்டச் சொன்னேன். எதற்குக் கட்டணும் என்று கேட்டார்கள். வெயில் ஜெல்கோட்டை வெளுக்கும் என்பது நிழலுக்குக் காரணம். கயிறு ஏன் என்பது அன்று மதியம் கச்சான் வந்தபோது அவர்களுக்கே புரிந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வள்ளம் தூக்க இருபது தோள் வேண்டியிருந்தபோது, தோள் கொடுத்தவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. கடலுக்குப் போக முடியாத கிழவனும், பள்ளிக்கூடம் விட்டுவரும் பையனும் கை வைத்தால்கூட ஒரு கை மீன் கிடைக்கும். விதவை வீட்டுப் பையனுக்கு அது அன்றைய குழம்பு. இப்போது ஃபைபரை டிராக்டர் இழுக்கிறது, டிராக்டருக்கு வாடகை. மணலில் நின்றவனுக்கு ஒன்றுமில்லை. டிராக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடுப்பொடிந்த அப்பாக்களைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் அந்தப் பங்கு எங்கே போனது என்று சங்கக் கூட்டத்தில்கூட யாரும் கேட்டதில்லை.

என் கொட்டகையிலும் அதே தகராறு வேறு உருவில் நடக்கிறது. ரெசின் எத்தனை கிலோ, மேட் எத்தனை மீட்டர் என்று பில் எழுதினால் வண்டிக்காரர் பேரம் பேசிவிட்டுத் தருவார். ‘பெட்டி கழற்றியது’ என்று ஒரு வரி எழுதினால் மட்டும், “தூக்கினதுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி காசு? செயின்ல தானே தூக்குனீய” என்று நிற்பார். மூலைக்கு நின்ற நாலு பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். நான் விடுவதில்லை. மாட்டும்போதும் இதே நாலு பேர்தான் வரணும், அவர்கள் கூலியை வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். சிலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் மாட்டுவதற்கு வேறு ஊருக்குப் போகிறார்கள்.